புக்கிட் மேரா: யார் சொன்னால் சாட்சி?

ஈப்போ வரலாற்றை எழுதுகிறவர்கள் ஈயத்தில் தொடங்கி ரப்பரில் முடித்துவிடுகிறார்கள். ஈயத்தை அரித்தெடுத்த பிறகு மிஞ்சிய ‘அமாங்’ மணலை யாரும் அதிகம் பேசுவதில்லை. அதில் மோனசைட் இருக்கிறது. மோனசைட்டிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தால் கதிரியக்கம் கொண்ட தோரியம் கழிவாக மிஞ்சும்.

மிட்சுபிஷி பங்கு வைத்திருந்த ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் புக்கிட் மேராவில் இந்த வேலையைத் தொடங்கியது. கழிவைக் கொட்ட முதலில் பாரிட்டைப் பார்த்தார்கள், ஊர் எதிர்த்தது. பிறகு பாப்பான். ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு எதிர்ப்புப் படையினருக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்த ஊர் அது. அங்கேயும் மக்கள் விடவில்லை.

1985 பிப்ரவரியில் புக்கிட் மேராவாசிகள் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றம் போனார்கள். விசாரணை 1987 செப்டம்பரில் தொடங்கியது. அடுத்த மாதமே லாலாங் நடவடிக்கை. கைதான நூற்றுக்கும் மேற்பட்டோரில் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் ஒருவர்.

கதிர்வீச்சை அளக்க ஜப்பானின் சைதாமா பல்கலைக்கழகத்திலிருந்து சடாவோ இச்சிகாவா வரவேண்டியிருந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் காரீய அளவைப் பரிசோதித்தவர் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தோடு வேலை செய்த டாக்டர் ஜெயபாலன். நம்ம பல்கலைக்கழகங்கள் எங்கே போயின? 1974இல் பாலிங் ரப்பர் சிறுதோட்டக்காரர்களின் வறுமைக்காக மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1975இல் பல்கலைக்கழகச் சட்டத்தை இறுக்கினார்கள். வாயைக் கட்டிய வளாகத்திலிருந்து ஊருக்காக ஓர் ஆய்வு வரும் என்று எதிர்பார்ப்பது வீண் என்றே நினைக்கிறேன்.

1992 ஜூலை 11இல் நீதிபதி பே சுவீ சின் ஆலையை நிறுத்த உத்தரவிட்டார். 1993 டிசம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆலை தரப்பு நிபுணர்களே நம்பத்தக்கவர்கள். மக்கள் அணுசக்தி உரிம வாரியத்திடம் போயிருக்க வேண்டும் என்றது. உரிமம் குடுத்தவங்ககிட்டயே போய் அதை ரத்து பண்ணச் சொல்லிக் கேளு என்பதுதான் இதன் பொருள்.

நமக்கு இது புதுசா? தோட்டத்தில் “மருந்தடிச்சா நகம் கழண்டு போகுதுங்க” என்று சொன்ன பெண்களுக்கு டிரசர் கொடுத்தது மாத்திரை. அந்தப் பேச்சு எந்த ஏட்டிலும் சாட்சியாக ஏறவில்லை. பாராகுவாட்டுக்கு 2002இல் தடை, 2006இல் தளர்வு, 2020இல்தான் முழுத் தடை.

மேல்முறையீட்டில் வென்ற ஆலை 1994 ஜனவரியில் மூடப்பட்டது. மூடவைத்தது மக்களின் பிடிவாதம். பிறகு கிளேடாங் மலைத்தொடரில் கழிவைப் புதைத்துத் துப்புரவு செய்ய ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர் செலவானது. ஆபத்தே இல்லாத இடத்தில் இவ்வளவு பணத்தை யார் கொட்டுவார்?

2012 முதல் கெபேங்கில் லைனாஸ் ஆலை இயங்குகிறது. இந்த முறையாவது மக்களின் ரத்தத்தையும் மண்ணையும் நம் பல்கலைக்கழகங்கள் சுதந்திரமாகப் பரிசோதித்து, முடிவுகளை ஊராரிடம் கொடுக்கட்டும்.