மொட்டை மாடி ஆன்டெனாவும் யாரும் பார்க்காத டிஜிட்டல் ஒளிபரப்பும்

இன்று நம் குடியிருப்பில் எந்த வீட்டில் கேட்டாலும் டிவி என்றால் கேபிள், இல்லையென்றால் டிஷ், அதுவும் இல்லையென்றால் இன்டர்நெட். இந்த மூன்றும் இல்லாமல், மாதச் சந்தா எதுவும் கட்டாமல், காற்றில் வரும் அலையைச் சின்ன ஆன்டெனாவில் பிடித்துக் கண்ணாடி மாதிரி தெளிவான டிஜிட்டல் படம் பார்க்கலாம் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் சென்னையில் அந்த வசதி 2016-ஆம் ஆண்டே வந்துவிட்டது. அது வந்ததும் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. ஏன் அப்படி ஆனது என்று பார்க்க வேண்டுமானால் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

சென்னைக்கு டிவி வந்த கதை

இந்தியாவில் முதல் டிவி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முறையில் தொடங்கியது. பம்பாய்க்கு 1972-ல் வந்தது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அப்போது டிவியும் ஆல் இந்தியா ரேடியோவின் ஒரு பிரிவுதான். அடுத்த ஆண்டு, 1976 ஏப்ரல் 1 முதல், தூர்தர்ஷன் தனி அமைப்பானது. கறுப்பு வெள்ளைப் படம், மாலையில் சில மணி நேரம், அவ்வளவுதான். டிவி வைத்திருப்பவர்கள் தபால் அலுவலகத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். 1980-களின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது.

கலர் வந்தது 1982 ஆகஸ்ட் 15-ல். அதே வருடம் நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி. அதன் பிறகு கடைகளில் டயனோராவும் சாலிடேரும் வேகமாக விற்க ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் டிவி இருக்கும் வீட்டுக் கூடம் எப்படி நிரம்பும் என்பதை நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாளில் மொட்டை மாடிகளைப் பார்த்தாலே எத்தனை வீட்டில் டிவி இருக்கிறது என்று எண்ணிவிடலாம். வீட்டுக்கு ஒரு கம்பம், அதன் மேல் மீன் முள் மாதிரி அலுமினியக் குழாய்கள். குழாய்கள் அவ்வளவு நீளமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அன்றைய ஒளிபரப்பு விஹெச்எஃப் அலைவரிசையில் வந்தது. அலை நீளமாக இருந்தால் அதைப் பிடிக்கும் குழாயும் நீளமாக இருக்க வேண்டும். காற்றடித்தாலோ காக்கை உட்கார்ந்தாலோ ஆன்டெனா திரும்பிவிடும். ஒருவர் மாடியில் நின்று திருப்ப, இன்னொருவர் ஜன்னல் வழியே “இப்போ சரி, இப்போ போச்சு” என்று கத்த, படம் ஒரு நிலைக்கு வரும்.

டிவி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. ஆகவே கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் படம் தெரியும். சென்னை ஒளிபரப்பு எட்டாத தென் மாவட்டங்களில் மக்கள் முதலில் பார்த்தது இலங்கை டிவியைத்தான். ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. அந்த நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதாலகாலையிலிருந்து கிளம்பிய அலை கடல் தாண்டி நம் கரைக்கும் வந்தது. உயரமான கம்பம் நட்டு, தெற்கே பார்த்து ஆன்டெனா கட்டி, ரூபவாஹினி பார்த்த குடும்பங்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கலாம். பிறகு கொடைக்கானல் மலையில் சக்தி வாய்ந்த டிரான்ஸ்மிட்டர் வந்தது. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குக் கோபுரமே எழுப்பினார்கள். 1984-ல் சில மாதங்கள், நாடு முழுவதும் நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற கணக்கில் திறந்தார்கள்.

ஆன்டெனா இறங்கிய காலம்

1991-க்குப் பிறகு டிஷ் வைத்து ஸ்டார் டிவியைப் பிடித்து, தெருத் தெருவாகக் கேபிள் இழுத்துக் கொடுக்கும் தொழில் வளர்ந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. இனி ஆன்டெனா எதற்கு என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. துருப்பிடித்த கம்பங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. சில கம்பங்களில் துணி காயப்போடக் கயிறு கட்டினோம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 1995-ல் வந்த கேபிள் டிவி சட்டம், கேபிள்காரர்கள் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றது. நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவாக, தூர்தர்ஷன் மட்டும் பார்க்கிறவர்களுக்குக்கூட ஆன்டெனா தேவையில்லாமல் போனது. இலவசமாகக் காற்றில் வருவதை நாம் மாதக் கட்டணம் கட்டிக் கம்பியில் வாங்கப் பழகினோம். 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் முறை வந்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனே இலவச டிஷ் சேவையைத் தொடங்கியது. 2012-க்குள் நான்கு மாநகரங்களிலும் கேபிளை டிஜிட்டலாக மாற்ற உத்தரவு வந்தது. இத்தனை மாற்றங்களில் ஒன்றுகூட நம்மை மறுபடி மாடிக்கு ஏறி ஆன்டெனா கட்டச் சொல்லவில்லை.

2016-ல் வந்தது என்ன?

2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் சென்னை உள்பட 16 நகரங்களில் ‘டிவிபி-டி2’ என்ற முறையில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. பெயர் கரடுமுரடாக இருந்தாலும் விஷயம் எளிது. பழைய அனலாக் முறையில் ஒரு அலைவரிசையில் ஒரே ஒரு சேனல்தான் போகும். புதிய முறையில் அதே அகலத்துக்குள் ஐந்து சேனல்களை அனுப்பினார்கள். ஒரு ஆள் போகிற ஆட்டோவில் ஐந்து பேர் ஏறிக்கொண்ட மாதிரி.

நம்மைப் போன்ற அடுக்குமாடிவாசிகளுக்கு இதில் இன்னொரு நன்மை இருந்தது. பழைய முறையில், அலை பக்கத்துக் கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தால் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நிழல் படம் விழும். செய்தி வாசிப்பவர் இரண்டு பேராகத் தெரிவார். புதிய முறையில், சிறிது தாமதமாக வரும் பிரதிபலிப்பைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. அதனால் கட்டடங்கள் நெருக்கமாக நிற்கும் நகரத்திலும் படம் சுத்தமாக வரும். யுஹெச்எஃப் அலைவரிசை என்பதால் ஆன்டெனாவின் கம்பியும் ஒரு அடி அளவில் இருந்தால் போதும். சின்ன டாங்கிள் ஒன்றைச் செருகினால் கைபேசியிலும் பார்க்கலாம் என்றார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பழைய டிவியில் சிக்னல் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும்; அப்படியும் கிரிக்கெட் ஸ்கோர் தெரிந்துவிடும். டிஜிட்டலில் அந்த இடைநிலை மிகக் குறைவு. படம் முழுதாக வரும். சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து மொத்தமாகப் போய்விடும்.

எங்கே கணக்கு இடித்தது?

வங்கியில் வேலை பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன். ஒளிபரப்பு என்பது இரட்டைப் பதிவு. அனுப்புகிறவர் பக்கம் ஒரு பதிவு, வாங்குகிறவர் பக்கம் ஒரு பதிவு. இரண்டும் இருந்தால்தான் கணக்கு நேராகும். இங்கே அனுப்பும் பதிவு மட்டும் போடப்பட்டது. இந்த அலையை வாங்கும் டியூனர் எல்லா டிவியிலும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனி பாக்ஸ் வாங்கலாம் என்றால் அது தெருமுனைக் கடைகளில் கிடைக்கவில்லை.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஜெர்மனியின் பெர்லின் நகரம் 2003 ஆகஸ்டிலேயே பழைய தரைவழி ஒளிபரப்பை முழுதாக நிறுத்தியது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு பாக்ஸ் வாங்க உதவி செய்தது. அமெரிக்காவில் வீட்டுக்கு இரண்டு கூப்பன், ஒவ்வொன்றும் 40 டாலர். அப்படியும் பலர் தயாராகவில்லை என்பதால் 2009 பிப்ரவரியில் நடக்க வேண்டிய மாற்றத்தை ஜூன் 12-க்குத் தள்ளிவைத்தார்கள். பிரிட்டனில் ஒவ்வொரு பகுதியாக மாற்றி 2012-ல் முடித்தார்கள். 75 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே ஆள் வந்து பொருத்திக் கொடுக்கும் திட்டம் இருந்தது.

நம் நாட்டிலும் யோசனை இல்லாமல் இல்லை. 2017 ஜனவரியில் டிராய் அமைப்பு, தனியார் சேனல்களையும் இதில் சேர்த்து, மாநகரங்களில் தொடங்கிப் படிப்படியாக நாடு முழுவதும் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைக் கொண்டுவரலாம் என்று பரிந்துரை செய்தது. சன், விஜய் போன்ற சேனல்களும் ஆன்டெனாவில் இலவசமாக வந்திருந்தால் நம் மாடிகளின் கதை வேறாக இருந்திருக்கும். பரிந்துரை ஏட்டோடு நின்றுவிட்டது.

இரண்டு கோபுரங்கள், ஒரே ஆண்டு

2021 ஆகஸ்ட் 10 அன்று இங்கிலாந்தின் வடக்கே பில்ஸ்டேல் என்ற இடத்தில், 300 மீட்டருக்கு மேல் உயரமான டிவி கோபுரத்தில் தீப்பிடித்தது. அன்றே லட்சக்கணக்கான வீடுகளில் டிவி நின்றது. மக்கள் புகார் செய்தார்கள், தற்காலிகக் கோபுரம் வந்தது, பிறகு புதிய கோபுரமே கட்டினார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில், பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 மார்ச்சுக்குள் மூடிவிடுவதாக பிரசார் பாரதி அறிவித்தது. பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள சுமார் 50 இடங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றவை நிறுத்தப்பட்டன. ஒரு காலத்தில் ஊரே கூடி வரவேற்ற டிரான்ஸ்மிட்டர்கள் இவை. நிறுத்தியபோது நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்தது? பார்க்க ஆள் இல்லாதபோது மின்சாரச் செலவும் பராமரிப்புச் செலவும் எதற்கு என்ற அவர்கள் கேள்வியிலும் நியாயம் உண்டு.

நமக்கு இதில் என்ன இழப்பு? சந்தா மிச்சம் என்பது சின்ன விஷயம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலையும் நினைத்துப் பாருங்கள். கேபிள் அறுந்தது, மரங்கள் சாய்ந்தன, செல்போன் சிக்னல் போனது. தரைவழி ஒளிபரப்புக்குத் தெருவில் கம்பி வேண்டாம். ஒரு கோபுரம் நின்றால், பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் நெரிசல் கிடையாது. வர்தா வந்தபோது சென்னையில் இந்த டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கி பத்து மாதம்தான் ஆகியிருந்தது. அதை வாங்கும் கருவிதான் வீடுகளில் இல்லை.

இப்போது பிரசார் பாரதியும் கான்பூர் ஐஐடியும் சேர்ந்து, இன்டர்நெட் இல்லாமலே கைபேசிக்கு நேரடியாக ஒளிபரப்பும் முறையைச் சோதித்து வருகின்றன. நல்ல முயற்சி. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி பழைய கேள்விதான்: வாங்கும் சிப் நம் கைபேசியில் இருக்குமா? அதற்குப் பதில் கிடைக்கும்வரை, செக்யூரிட்டி அறையில் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்றை வாங்கி வைக்கலாம் என்பது சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் செய்தால் நல்லது. செலவும் அதிகம் ஆகாது.