விளையாட்டு வீடியோ கேம்களில் வர்ணனையும் ஆரவாரமும்

விளையாட்டு வீடியோ கேம்களில் ஒலிக்கும் வர்ணனை, முன்கூட்டியே துண்டு துண்டாகப் பதிவுசெய்யப்பட்டு, ஆட்டத்தின் போக்குக்கேற்ப மென்பொருள் எடுத்துக் கோக்கும் பேச்சாகும். இதனுடன் ரசிகர் ஆரவாரமும் சேரும்போதுதான் திரையில் ஓடும் பொம்மைகள் ஆட்டக்காரர்களாகின்றன. புல்லின் பச்சைக்கும் வீரர்களின் முகச்சாயலுக்கும் கிடைக்கும் பாராட்டில் பாதிகூட இந்த ஒலிக்குக் கிடைப்பதில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

தொடக்க காலக் கேம்களில் நடுவரின் ஓரிரு சொற்களும் இரைச்சல் போன்ற கைத்தட்டலும் இருந்தாலே பெரிது. 1991இல் சேகா நிறுவனம் வெளியிட்ட 'ஜோ மொன்டானா 2: ஸ்போர்ட்ஸ் டாக் ஃபுட்பால்' என்ற அமெரிக்கக் கால்பந்து கேம், ஆட்டம் நெடுகிலும் வர்ணனை தந்து புதுவழி காட்டியது. அப்போது கேம்களைத் தாங்கிய கார்ட்ரிட்ஜில் நிறையக் குரலைச் சேமிக்க முடியாத இட நெருக்கடி, குறுந்தகடு வந்ததும் தீர்ந்தது. 1995இல் 'ஃபிஃபா 96' கேமில் பிபிசியின் ஜான் மோட்சனும், 'ஆக்சுவா சாக்கர்' கேமில் பாரி டேவிஸும் பேசினர். தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிய குரல் கேமிலும் கேட்டது. கிரிக்கெட்டுக்கு ஜெஃப்ரி பாய்காட், ஜோனதன் ஆக்னியூ ஆகியோர் 'பிரையன் லாரா கிரிக்கெட்' வரிசையில் குரல் கொடுத்தனர். 2006இல் வெளியான 'கிரிக்கெட் 07' கேமில் ரிச்சி பெனோவும் மார்க் நிக்கோலஸும் வர்ணித்தனர்.

வர்ணனையாளர் ஒலிப்பதிவுக் கூடத்தில் எந்த ஆட்டத்தையும் பார்க்காமலேயே பேச வேண்டும். ஒரே வீரரின் பெயரைச் சாதாரணமாக ஒருமுறை, பந்தோடு முன்னேறும் வேகத்தில் ஒருமுறை, கோல் விழுந்த பரவசத்தில் ஒருமுறை எனப் பல தொனிகளில் சொல்லிப் பதிவுசெய்வார். பந்து யாரிடம் உள்ளது, எத்தனையாவது நிமிடம், எந்த அணி முன்னிலை என்பவற்றைக் கவனித்து மென்பொருள் பொருத்தமான துண்டைத் தேர்ந்தெடுக்கும். வர்ணனையாளர் சொல்லும் பழங்கதை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது கோல் விழுந்தால், கதையைப் பாதியில் நறுக்கிவிட்டுக் கோலுக்குத் தாவ வேண்டும். இந்த வெட்டு உறுத்தாமல் அமைவதில்தான் கைத்திறன் இருக்கிறது. அண்மையில் ஒலித்த வரி உடனே திரும்ப வராதபடி ஒதுக்கியும் வைப்பார்கள். இருந்தும், நூறு ஆட்டம் ஆடியவருக்கு அடுத்து வரப்போகும் வரி மனப்பாடமாகிவிடும். எத்தனை ஆயிரம் வரிகள் பதிவுசெய்தாலும் இந்தக் குறை முழுதாகத் தீர்ந்தபாடில்லை.

ஆரவாரத்தின் அமைப்பு வேறு. அடியில் ஓயாத சலசலப்பு ஒன்று ஓடும். அதன் மேல் பாட்டு, கைத்தட்டல், கூச்சல் என அடுக்கடுக்காக ஏற்றப்படும். உண்மையான கூட்டம் கோல் விழுந்த பிறகு மட்டும் கத்துவதில்லை. பந்து பெனால்டி எல்லையை நெருங்கும்போதே அதன் குரல் எழும்பும், பந்து கம்பத்தை உரசி வெளியே போனால் பெருமூச்சாக அடங்கும். உள்ளூர் அணி கோல் வாங்கினால் அரங்கம் மௌனமாகி, ஒரு மூலையில் மட்டும் எதிரணி ரசிகர்கள் குதிப்பார்கள். கோல் விழும் வரை ஒரே சீராக இரைந்துவிட்டுப் பிறகு வெடிக்கும் ஆரவாரம், படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நிஜ ஆட்டங்களைப் பார்த்துப் படியெடுத்த இந்த ஒலியை நிஜ ஆட்டங்களே கடன்வாங்கிய காலமும் வந்தது. கொரோனா முடக்கத்துக்குப் பின் 2020 ஜூனில் ஸ்பெயினின் லா லிகாவும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கும் ஆளில்லா அரங்குகளில் தொடர்ந்தபோது, ஃபிஃபா கேமுக்காக அதன் தயாரிப்பாளரான ஈஏ ஸ்போர்ட்ஸ் சேர்த்து வைத்திருந்த ரசிகர் ஒலிகள் தொலைக்காட்சி ஒளிபரப்பில் கலந்து தரப்பட்டன. பந்தின் போக்கைப் பார்த்து ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஆட்கள் அமர்த்தப்பட்டனர். பிரிட்டனில் ஸ்கை ஸ்போர்ட்ஸ், ஆரவாரம் சேர்த்தும் சேர்க்காமலும் இரு விதமாக ஒளிபரப்பி, தேர்வைப் பார்வையாளரிடமே விட்டது.