தங்கக் கணக்கில் சேராத தண்ணீர்: கால்பந்து மேலாளரை எப்படி மதிப்பிடுவது?

பேத்தமங்களாவில் தங்கம் எடுக்கப்படவில்லை. அங்கே பாலாற்று நீரைத் தேக்கிய பெரிய ஏரி இருந்தது. அந்த நீர் குழாய்வழியே கோலார் தங்கவயலுக்குச் சென்றது. 1902 முதல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரமும் வந்தது. ஒரு சுரங்க மேலாளரின் திறமையை அவர் காலத்தில் கிடைத்த தங்கத்தின் எடையைக் கொண்டு அளப்பது எளிது. அந்த எடையில் பேத்தமங்களாவின் நீருக்கும் சிவசமுத்திரத்தின் மின்சாரத்திற்கும் பாறையின் வளத்திற்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காண்பதுதான் கடினம். தாது வளம் குன்றிய காலத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வேலை நடத்திய மேலாளர், தொடக்கக் கால மேலாளரைவிடக் குறைந்த தங்கமே எடுத்தார். அதனால் அவர் திறமை குறைந்தவர் என்று சொல்ல முடியாது.

கால்பந்துக் கழகமொன்று தன் பொது மேலாளரைத் தேர்ந்தெடுக்கும்போதும் எழுவது இதே சிக்கல்தான். விண்ணப்பத்தில் கோப்பைகளின் பட்டியல் இருக்கும். அக்கோப்பைகளில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு நிறுவனத்துடையது?

‘மேலாளர்’ என்னும் சொல்லே இங்குக் குழப்பம் தருகிறது. இங்கிலாந்துக் கால்பந்தில் அச்சொல் நெடுங்காலம் அணியைத் தேர்ந்து, வீரர்களை வாங்கி, பயிற்சியும் நடத்தியவரைக் குறித்தது. இந்தியாவில் அணியுடன் பயணம் செய்து நிர்வாகம் பார்ப்பவரும் மேலாளரே. இன்றைய தொழில்முறைக் கழகங்களில் பொது மேலாளரின் பணி பயிற்சியாளரையும் வீரர்களையும் தேர்ந்தெடுப்பது, ஊதியச் செலவை வரம்புக்குள் வைப்பது, இளையோர் அணியை வளர்ப்பது ஆகியன. சுரங்கச் சட்டம் மேலாளருக்குத் தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. கால்பந்தில் தலைமைப் பயிற்சியாளருக்குப் ‘ப்ரோ’ உரிமம் உண்டு. பொது மேலாளருக்கு அத்தகைய தேர்வோ உரிமமோ இல்லை. ஆகவே கழகங்கள் கடந்தகாலச் சாதனையையே சான்றிதழாகக் கொள்கின்றன.

அந்தச் சான்றிதழை எப்படிப் படிப்பது என்பதற்கு ஹெர்பர்ட் சாப்மனின் வாழ்க்கை நல்ல பாடம். யார்க்‌ஷயரின் நிலக்கரிச் சிற்றூரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, சுரங்கப் பொறியியல் பயின்றவர் அவர். 1919இல், அவர் முன்பு பணியாற்றிய லீட்ஸ் சிட்டி கழகம், வீரர்களுக்கு முறையற்ற பணம் தந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. சாப்மனுக்கும் தடை விதிக்கப்பட்டது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்ட காலத்தின் ஒரு பகுதியில் அவர் போர்த்தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார் என்று எடுத்துக்காட்டப்பட்டபின் தடை நீங்கியது. ஹடர்ஸ்ஃபீல்டு கழகம் அவரை 1921இல் ஏற்றது. அடுத்த ஆண்டே எஃப்.ஏ. கோப்பையும், 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டமும் கிடைத்தன.

அவர் ஆர்சனலுக்குச் சென்ற பிறகும் 1926இல் ஹடர்ஸ்ஃபீல்டே வென்றது. ஆர்சனலிலும் இதுவே நிகழ்ந்தது. 1933இல் பட்டம் வென்ற அவர், அடுத்த பருவத்தின் நடுவில், 1934 ஜனவரியில் காலமானார். ஆயினும் 1934, 1935 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் ஆர்சனலுக்கே வந்தது. சாப்மனின் தரத்தை அவர் வென்றவற்றைக் காட்டிலும், அவர் இல்லாதபோதும் நின்ற அமைப்பே தெளிவாக உணர்த்துகிறது.

தங்கவயலுக்கு அருகிலுள்ள தொழில்முறைக் கழகம் பெங்களூரு எஃப்.சி. 2013இல் தொடங்கப்பட்ட அக்கழகம் ஆஷ்லி வெஸ்ட்வுட்டைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத், பிளாக்பர்ன் முதலிய கழகங்களில் உதவிப் பயிற்சியாளராக இருந்த அனுபவமே அவரிடம் முதன்மையாக இருந்தது. முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் கிட்டியது. 2016இல் மீண்டும் கிட்டியது. அவருக்குப் பின் வந்த ஆல்பர்ட் ரோகா பார்சிலோனாவில் ரைக்கார்டின் உதவியாளராக இருந்தவர். அவர் காலத்தில், 2016 நவம்பரில், ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதிக்குச் சென்ற முதல் இந்தியக் கழகமாயிற்று பெங்களூரு. 2018இல் ரோகாவின் உதவியாளர் கார்லெஸ் குவாட்ராட் பொறுப்பேற்றார். 2019 மார்ச்சில் ஐ.எஸ்.எல். பட்டமும் வந்தது.

மூவரில் எவரும் நட்சத்திரப் பெயருடன் வந்தவர் அல்லர். ஆள் மாறியும் வெற்றி தொடர்ந்ததால், தேர்ந்தெடுத்த அமைப்புக்கும் அப்பெருமையில் பங்குண்டு. மறுபுறம், அதே குவாட்ராட் தொடர் தோல்விகளுக்குப் பின் 2021 ஜனவரியில் விலக நேர்ந்தது. பின்னர் ஈஸ்ட் பெங்காலுக்கு 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பையை வென்று தந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அங்கிருந்தும் விலகினார். 2019ஐ மட்டும் படிப்பவருக்கு அவர் மேதை. 2021ஐ மட்டும் படிப்பவருக்குத் தோற்றவர். இரண்டு மதிப்பீடுகளும் அரைகுறையே.

ஆகவே பொது மேலாளர் பதவிக்கு வரும் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். அவர் பொறுப்பேற்றபோது அங்கு என்ன இருந்தது? அவர் முடிவெடுத்தவை எவை, பிறர் முடிவெடுத்து அவர் பெயரில் எழுதப்பட்டவை எவை? அவர் விலகியபின் எது நிலைத்தது? கோப்பைப் பட்டியல் இவற்றுள் ஒன்றுக்கும் நேரடியாக விடை தருவதில்லை.

இம்மதிப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. ஐ.எஸ்.எல். போட்டியின் எதிர்காலம் உறுதியற்றுப் போனதால், 2025 ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. எவ்வளவு திறமையான மேலாளராலும் இல்லாத லீக்கில் ஆட முடியாது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் மூடப்பட்டதும் எந்த ஒரு மேலாளரின் திறமைக் குறைவாலும் அன்று. பேத்தமங்களாவின் ஏரியைக் கணக்கில் கொள்ளாமல் தங்கவயலின் வரலாற்றை எழுத முடியாது. கழகத்தின் வரலாற்றையும், அதில் ஒருவரின் பங்கையும் எழுதும்போது இந்த நினைவு உடனிருக்க வேண்டும்.