யாழ்ப்பாணச் சுவர்ப் பூச்சு: சுண்ணாம்பும் இமல்ஷனும்

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் நிலம். கிணறு வெட்டினாலும் தோட்டம் கொத்தினாலும் கல்தான் வரும். கரையோரத்திலும் தீவுகளிலும் பவளக்கல்லும் சிப்பியும் உண்டு. சுவருக்கு வேண்டிய கல்லும் சாந்தும் பூச்சும் இந்தச் சுண்ணப் பொருளிலிருந்தே கிடைத்தன. போர்த்துக்கேயர் 1618ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையும் பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டே எழுந்தது. நெடுந்தீவில் சாந்துகூட இல்லாமல் பவளக்கல்லை அடுக்கியே வேலிச் சுவர் கட்டினார்கள். குடிமக்களில் பெரும்பாலோருக்கு மண்சுவரும் ஓலைக்கூரையும்தான். வெள்ளையடித்த சுவர் நெடுங்காலம் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் வசதி படைத்தோரின், நடுவில் முற்றமுள்ள நாற்சார் வீடுகளுக்குமே உரியதாக இருந்தது.

சூளையில் விறகையும் கல்லையும் அடுக்கி ஏறக்குறைய 900 பாகை செல்சியசுக்குச் சூடேற்றினால் கல்லிலுள்ள கரியமிலவாயு போய்விடும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் விட்டதும் அது கொதித்துப் பொங்கி நீறும். அதைக் கரைத்து, துணியில் வடித்து, ஒட்டுவதற்குக் கஞ்சியோ பசையோ சேர்த்து, வெண்மை எடுப்பாகத் தெரியக் கொஞ்சம் நீலமும் கலந்து பூசுவார்கள். பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவைத் திரும்ப எடுத்து மீண்டும் கல்லாகும். சூளை வாயில் புகையும் சூடும் எவ்வளவு இருந்தாலும், சுவரில் உலரும்போது வெளியேறுவது வெறும் நீராவி. ஆவியாகும் கரிமப் பொருள் ஒன்றும் அதில் இல்லை.

சுண்ணாம்புப் பூச்சின் குறை யாவரும் அறிந்தது. சாய்ந்தால் முதுகில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மாரிக்குப் பின் பாசி படரும். அதனால் தைப்பொங்கலுக்கு முன் மறுபடி வெள்ளையடிக்க வேண்டும். கூலி மலிவாக இருந்தவரை இதை யாரும் பெரிய குறையாக எண்ணவில்லை.

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டுச் சுண்ணக்கல் இப்போது சூளைக்குப் பதில் உலைக்குப் போயிற்று. சீமெந்து பூசி வழுவழுப்பாக்கிய சுவரில் சுண்ணாம்பு பழைய சாந்தில் பிடித்ததுபோல் பிடிப்பதில்லை. கதவுக்கும் யன்னலுக்கும் பூசிய எண்ணெய்ப் பெயின்டோ கரைப்பான் நாற்றம் மிக்கது. தண்ணீரில் கரைத்துப் பூசவும் வேண்டும், உலர்ந்தபின் கழுவவும் வேண்டும் என்ற தேவைக்கு வந்ததே இமல்ஷன்.

அதன் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. 1876இல் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்ட கன்றுகளோடு இங்கு இறப்பர் வேரூன்றியது. இறப்பர்ப் பால் இயற்கையே செய்த பல்லுறுப்பி இமல்ஷன்: நீரில் மிதக்கும் நுண்துகள்கள். 1942இல் மலாயா யப்பானியர் கைக்குப் போனபின் நேச நாடுகளுக்கு இலங்கை இறப்பர் பெரும் ஆதாரமாயிற்று. அது போதாமல் அமெரிக்கா ஸ்டைரீனையும் பியூட்டாடையீனையும் சேர்த்துச் செயற்கை இறப்பர் செய்தது. அந்தப் பாலைக் கொண்டே 1948இல் கிளிடன் நிறுவனம் வீட்டுச் சுவருக்கான இமல்ஷன் பெயின்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வினைல் அசற்றேற்றும் அக்ரிலிக்கும் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தன.

நாற்றத் தொல்லை இமல்ஷனையும் விடவில்லை; அது தயாரிப்பிலேயே இருக்கிறது. சிறு மூலக்கூறுகளை நீரில் சங்கிலியாகக் கோக்கும்போது எல்லாமே கோக்கப்படுவதில்லை; கொஞ்சம் மிஞ்சும். அக்ரிலிக்கின் மூலப்பொருளான பியூட்டைல் அக்ரிலேற்று மிகச் சிறிதளவு மிஞ்சினாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். மிச்சத்தை அகற்ற முதலில் இன்னும் கொஞ்சம் வினைதொடக்கி சேர்த்து அதையும் சங்கிலியில் இழுத்துக் கட்டுவார்கள். அதற்கும் சிக்காததை ஆவியால் விரட்டுவார்கள். கலனில் வெற்றிடம் உண்டாக்கினால் நீர் 50, 60 பாகையிலேயே கொதிக்கும். அந்நிலையில் கீழிருந்து நீராவி செலுத்தினால் மிச்ச மூலக்கூறுகள் அதனோடு வெளியேறும். உள்ளே வரும் நீராவியின் அளவும் வெளியேறும் நீரின் அளவும் ஒத்திருந்தால் இமல்ஷன் நீர்த்தும் போகாது, கெட்டியும் ஆகாது.

சொல்வதுபோல் இது எளிதல்ல. இமல்ஷனில் சவர்க்காரத் தன்மையுள்ள பொருள் இருப்பதால் அது நுரைத்துப் பொங்கும். சூடு மிகுந்தால் துகள்கள் திரண்டு கலன் சுவரில் தோலாகப் படியும். 72 பாகையில் கொதிக்கும் வினைல் அசற்றேற்று எளிதில் போய்விடும். 145 பாகைக்கு மேல் கொதிக்கும் ஸ்டைரீனும் பியூட்டைல் அக்ரிலேற்றும் துகளுக்குள்ளே பதுங்கிக்கொண்டு மெதுவாகவே நீருக்கு வரும். இறப்பர்ப் பால் கெடாதிருக்கச் சேர்த்த அமோனியாவைப் பின்னர் அகற்றியவர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. தோல் படியாதிருக்க ஈரக் காற்றையே ஊதினார்கள்.

ஆலையில் இவ்வளவு பாடுபட்டு அகற்றியபின், துகள்கள் சுவரில் ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்பதற்காகப் பெயின்ட் செய்பவர்கள் மெதுவாக ஆவியாகும் கரைப்பானை மறுபடி சேர்ப்பது இத்தொழிலின் வேடிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல், உட்சுவருக்கான மங்கல் பெயின்டில் ஆவியாகும் கரிமப் பொருளின் அளவை லீற்றருக்கு 30 கிராமாக மட்டுப்படுத்தியது.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் உள்நாட்டுப் போரால் நின்றது. அந்த ஆண்டு முதல் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் சீமெந்து கொண்டுசெல்லத் தடை இருந்தது. 2009இல் போர் முடிந்தபின் எழுந்த வீடுகள் சீமெந்துக் கல்லும் இமல்ஷனுமாக வந்தன. புதிய சுவருக்கு அது பொருந்தும். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விடும். அதன்மேல் இமல்ஷன் படலம் விழுந்தால் ஈரம் உள்ளே தங்கி, பூச்சு கொப்புளித்துச் சாந்தோடு பெயரும். ஆலையில் எவ்வளவு சுத்தம் செய்த இமல்ஷனானாலும் இக்குறை மாறாது. எஞ்சியிருக்கும் நாற்சார் வீடுகளைத் திருத்துவோர் அவற்றின் சுவருக்குச் சுண்ணாம்பையே பூச வேண்டும்.