குவாரிக்கு முந்திய தொல்லியல் ஆய்வு

குவாரிக்கு முந்திய தொல்லியல் ஆய்வு என்பது, கல், சரளை, மணல், களிமண் முதலியவற்றை வெட்டியெடுக்கத் தெரிவு செய்யப்பட்ட நிலத்தில், தோண்டும் பணி தொடங்குமுன் வரலாற்று எச்சங்கள் உள்ளனவா என அறிய மேற்கொள்ளப்படும் ஆய்வு ஆகும். கட்டடம் எழுப்பும்போது பெரும்பாலும் அடித்தளம் இறங்கும் இடங்களே சிதைகின்றன. குவாரியில் மண்படைகள் முழுவதுமாக அகற்றப்படுவதால், பின்னர் சென்று பார்ப்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. எனவே இவ்வாய்வு அனுமதி வழங்கப்படுவதற்கு முன்னரே நடைபெறுவது இன்றியமையாதது. இக்கட்டுரை, இம்முறை நன்கு வளர்ச்சியடைந்துள்ள இங்கிலாந்தைப் பற்றியது.

வரலாறு

இங்கிலாந்தின் ஆற்றோரச் சரளை நிலங்கள் நீர் தேங்காதவை, உழுவதற்கும் எளியவை. இதனால் வரலாற்றுக்கு முந்திய மக்கள் அவற்றில் விரும்பிக் குடியேறினர். அதே சரளை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் கான்கிரீட்டுக்காகப் பெருமளவில் தோண்டப்பட்டது. இவ்வாறு அழிந்துவரும் தொல்லிடங்களைப் பற்றி வரலாற்று நினைவுச் சின்னங்களுக்கான அரச ஆணைக்குழு 1960இல் வெளியிட்ட நூல் எச்சரித்தது. எனினும் நெடுங்காலம், இயந்திரங்கள் வந்தபின் அவசரமாகச் செய்யும் 'மீட்பு அகழ்வாய்வே' வழக்கமாக இருந்தது.

1990 நவம்பரில் வெளியான 16ஆம் திட்டமிடல் கொள்கை வழிகாட்டி இந்நிலையை மாற்றியது. முக்கியமான எச்சங்களை இருந்த இடத்திலேயே பாதுகாப்பது முதல் தெரிவு. அது இயலாதபோது, அகழ்ந்து பதிவு செய்யும் செலவை நிலத்தை மேம்படுத்துபவரே ஏற்க வேண்டும். 2010இலும் 2012இலும் புதிய கொள்கை ஆவணங்கள் இதன் இடத்தைப் பிடித்தபோதும் அடிப்படை மாறவில்லை. 2002இல் கல், சரளை, மணல் ஆகியவற்றின்மீது தொன்னுக்கு 1.60 பவுண்டு வரி விதிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி 2011 வரை தொல்லியல் ஆய்வுகளுக்கும் பயன்பட்டது.

செயல்முறை

முதலில் பழைய நிலப்படங்கள், ஊர்ப் பதிவுகள், முந்தைய கண்டெடுப்புகள் ஆகியவை ஆராயப்படுகின்றன. அடுத்து வான்வழி ஒளிப்படங்கள். நிலத்தடியில் தூர்ந்து கிடக்கும் பழைய அகழியில் ஈரம் மிகுதியாக இருப்பதால் அதன்மேல் பயிர் உயர்ந்து பசுமையாக வளரும். புதைந்த சுவரின்மேல் குன்றி மஞ்சளாகும். வறண்ட கோடையில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஒரே வயல் ஓராண்டில் வெறுமையாகவும், மற்றோராண்டில் ஒரு சிற்றூரின் வரைபடம் போலவும் தோன்றக்கூடும்!

பின்னர் உழுத நிலத்தில் வரிசையாக நடந்து ஓடுகளும் கற்கருவிகளும் சேகரிக்கப்படுகின்றன. காந்தமானி கொண்டு எரிந்த மண், அடுப்பு, அகழி போன்றவற்றின் தடயங்கள் அளக்கப்படுகின்றன. இறுதியாகச் சோதனை அகழிகள் வெட்டப்படும். இவை பொதுவாக நிலப்பரப்பில் 2 முதல் 5 விழுக்காட்டையே திறந்து காட்டுவன. மீதியை ஊகிக்க வேண்டியுள்ளது. நீண்ட அகழிகள் தொடர்ந்து செல்லும் பழைய வேலிக்கால்வாய்களை எளிதில் வெட்டிக் காட்டும். சிதறிக் கிடக்கும் சிறு குழிகளும் புதைகுழிகளும் அவற்றுக்கு இடையே தப்பிவிடுகின்றன. இக்குறையை ஈடுசெய்ய, அனுமதிக்குப் பின்னரும் பற்களற்ற வாளி பொருத்திய இயந்திரத்தால் மேல்மண்ணை மட்டும் நீக்கி, தோன்றுவன அனைத்தையும் வரைபடமாக்கும் முறை கையாளப்படுகிறது.

ஆய்வுக்கு எட்டாதவை

ஆற்று வண்டலும் கரிமண்ணும் மூடிய நிலத்தில் பயிர்க்குறிகள் தோன்றுவதில்லை. காந்தமானியும் ஆழத்தை எட்டாது. கேம்பிரிட்ச்சயரில் செங்கல்லுக்கான களிமண் எடுக்கப்பட்ட மசுட் ஃபார்ம் குவாரி இதற்கு நல்ல சான்று. அங்கு 1999இல், கைவிடப்பட்ட குழியொன்றின் விளிம்பில் மரத்தூண்கள் தென்பட்டன. 2015-16இல் நடந்த அகழ்வாய்வில், ஏறத்தாழ கி.மு. 850இல் ஆற்றின்மேல் கட்டப்பட்டு, விரைவிலேயே தீப்பற்றி நீருள் வீழ்ந்த வெண்கலக் காலக் குடியிருப்பு வெளிப்பட்டது. துணிகளும் உணவுடன் கூடிய கலங்களும் அழியாமல் கிடைத்தன. ஆயினும் அக்குடியிருப்பின் ஒரு பகுதி முந்தைய தோண்டலிலேயே அழிந்துவிட்டது. இத்தகைய நிலங்களில் துளையிட்டு மண்படைகளை ஆராய்வதே முதற்படியாக இருத்தல் வேண்டும்.

தோர்ன்பரோ சர்ச்சை

எச்சங்கள் கண்டறியப்பட்ட பின்னும் அவற்றின் எல்லை எது என்ற வினா எழுகிறது. வடக்கு யார்க்சயரின் தோர்ன்பரோவில், ஒவ்வொன்றும் சுமார் 240 மீட்டர் விட்டமுடைய மூன்று புதிய கற்கால மண்வட்டங்கள் உள்ளன. வட்டங்கள் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. சுற்றியுள்ள வயல்கள் அவ்வாறல்ல. நடு வட்டத்தின் அடியாகச் சென்ற, அதனினும் பழைய நீள்வழி பெரும்பாலும் குவாரியால் அழிந்துவிட்டது. அருகிலுள்ள லேடிபிரிட்ச் பண்ணையில் சரளை எடுக்க விண்ணப்பிக்கப்பட்டபோது, வட்டங்களைக் கட்டியோர் வாழ்ந்த நிலமும் சின்னத்தின் பகுதியே என எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். 2006இல் மாவட்ட மன்றம் அவ்விண்ணப்பத்தை நிராகரித்தது. நடு, தென் வட்டங்கள் 2023இலும், வட வட்டம் 2024இலும் இங்கிலாந்தின் வரலாற்றுப் பாதுகாப்பு அமைப்பின் வசம் வந்தன.