திறன்பேசி

பெயர்ச்சொல். பேசுவதோடு இணையம், செயலிகள், கேமரா ஆகியவற்றையும் கொண்ட கைபேசி. பேச்சு வழக்கில் ‘செல்’, ‘போன்’.

‘பேசு’ என்னும் வினையடி இகர விகுதி பெற்றுப் ‘பேசி’ ஆயிற்று. மண்வெட்டி, தேங்காய்துருவி போன்ற கருவிப்பெயர்கள் பிறந்த வழியும் இதுவே. ‘திறன்பேசி’ திறனை உடைய பேசி என விரியும். தொலைபேசி, செல்பேசி ஆகியவற்றின் தடத்தில் உருவான புதுச்சொல். பிள்ளைகளுக்கு இச்சொல்லைப் பிரித்துக் காட்டுவதே நல்லதோர் இலக்கணப் பாடம்.

2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இச்சொல்லை மாணவர் கையில் சேர்த்தன. திறன்பேசியில் தீக்ஷா என்னும் கல்விச் செயலியை நிறுவி, பாடநூலின் பக்கத்தில் அச்சிட்டுள்ள விரைவுக் குறியீட்டை (QR) ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான காணொலி திறக்கும். 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வேலைக்குப் போன அப்பா செல்லோடு வீடு திரும்பிய பிறகே பல பிள்ளைகளுக்குப் பாடம் கிடைத்தது.

பிள்ளைகள் சொந்தத் திறன்பேசியோடு வகுப்பில் படிப்பது நல்லதே. ஆனால் அது இல்லாத பிள்ளைக்குப் பள்ளியே ஒன்றைக் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். ஆசிரியர்களே, அதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள்.