வாயில் திறந்த தோட்டங்கள்

கட்டடம் கட்டியவர் மறைந்தாலும் கட்டடம் நிற்கும். நூல் இயற்றியவர் மறைந்தாலும் நூல் வாழும். தோட்டத்தின் நிலை அவ்வாறன்று. வளர்த்த கை ஓய்ந்த சில ஆண்டுகளிலேயே அதனைக் களை மூடிவிடும். வாரிசுகள் மனைகளாகப் பிரித்து விற்றுவிடுவதும் உண்டு. இவ்வழிவைத் தடுக்க அமெரிக்காவில் எழுந்த முயற்சி ஒன்றின் வரலாற்றை இங்கே காண்போம்.

காலிபோர்னியா மாநிலத்தில் வால்நட் கிரீக் என்னும் ஊரில் வாழ்ந்தவர் ரூத் பான்கிராஃப்ட் அம்மையார். மேற்கு அமெரிக்க வரலாற்றை எழுதிய ஹ்யூபர்ட் ஹோவ் பான்கிராஃப்டின் பேரனை மணந்து, அக்குடும்பப் பண்ணைக்கு வந்தவர். 1950-களிலிருந்து கள்ளி, கற்றாழை வகைகளைத் தொட்டிகளில் சேர்த்து வந்தார். 1972-இல், 60 வயதைக் கடந்த பின்னர், பழைய மரங்கள் வெட்டப்பட்டு வெறுமையாய்க் கிடந்த சுமார் 3 ஏக்கர் நிலத்தில் தோட்டம் அமைக்கத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் கடுங்குளிர் தாக்கியது. நட்டவற்றுள் பெரும்பாலானவை மடிந்தன. அம்மையார் சோர்ந்தாரில்லை, மீண்டும் நட்டார். சிறிதளவு நீரிலேயே செழிக்கும் அத்தோட்டத்தின் புகழ் மெல்லப் பரவியது.

1980-களின் இறுதியில் அதனைக் காண வந்தார் பிராங்க் கேபட். தாமும் பெருந்தோட்டங்களை உருவாக்கியவர் அவர். அம்மையாரின் காலத்திற்குப் பின் இத்தோட்டத்தின் கதி யாது என்னும் கவலை அவரைப் பற்றிக்கொண்டது. இதற்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று அவருடைய துணைவியார் கூற, 1989-இல் 'கார்டன் கன்சர்வன்சி' தோன்றியது. ரூத் அம்மையாரின் தோட்டம் 1992-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

1995-இல் அவ்வமைப்பு மற்றோர் அடி எடுத்து வைத்தது. தனியார் தம் வீட்டுத் தோட்டங்களைக் குறித்த நாட்களில் பிறர் காணத் திறந்துவைக்கும் திட்டம் அது. இவ்வழக்கம் இங்கிலாந்தில் முன்பே வேரூன்றியிருந்தது. அங்கு 1927-இல் 609 தோட்டங்கள் திறக்கப்பட்டு, தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணமாக 8,000 பவுனுக்கு மேல் திரண்டது. அத்தொகை நோயாளிகளின் இல்லம் தேடிச் செல்லும் செவிலியர் பணிக்கு உதவியது. அமெரிக்கத் திட்டமோ, கிடைக்கும் வருவாயைத் தோட்டங்களைக் காக்கும் பணிக்கே பயன்படுத்தியது.

எனினும், பணம் ஒன்றே இதன் பயன் என்று நாம் கருதிவிடலாகாது. வேலிக்குள் மறைந்திருக்கும் தோட்டம் அழிந்தால் அண்டை வீட்டாருக்கும் தெரியாது. பலர் கண்டு மகிழ்ந்த தோட்டத்திற்கு இடர் நேரின், அதற்காகப் பேசவும் பொருள் தரவும் மண்வெட்டி ஏந்தவும் மனிதர் உளர். உரிமை ஒருவருடையதாயினும் அக்கறை பலருடையதாகிவிடுகிறது.

ரூத் அம்மையார் 2017-இல், தமது 109-ஆம் வயதில் மறைந்தார். அவர் நட்ட கற்றாழைகள் இன்றும் பூக்கின்றன. வாயிலைத் திறந்துவிட்டதனாலன்றோ அத்தோட்டம் தன்னை வளர்த்தவரைக் கடந்தும் வாழ்கிறது!